கறுப்பு மை அடித்த வரிகள்

அப்பாவுக்கு,

நேற்று வகுப்பில் அணுகுண்டு செய்த விஞ்ஞானிகளைப் பற்றிய படம் போட்டார்கள். அதில் ஒருவர் மனைவிக்கு எழுதும் கடிதத்தில் பாதி வரிகளைத் தணிக்கை அதிகாரி கறுப்பு மையால் மறைத்துவிடுகிறார். எரிந்த நகரத்தின் குறியீடு அது என்றார் பேராசிரியர்.

"குறியீடெல்லாம் இல்ல சார். போர்க்காலத்துல நிஜமாவே அப்படித்தான் அடிச்சாங்க. எங்க வீட்டுக்கு இப்பவும் கடிதம் அப்படித்தான் வருது" என்றேன்.

"ஏண்டி, உங்கப்பா ஜெயில்லயா இருக்காரு?" என்றாள் பக்கத்திலிருந்தவள். எல்லோரும் சிரித்தார்கள். உங்கள் ஆய்வுக்கூடத்தைப் பற்றிச் சொல்லக் கூடாதே, நானும் சிரித்துவைத்தேன். அங்கே என்ன செய்கிறீர்கள் என்று இப்போதும் நான் கேட்கவில்லை.

உங்கள் போன கடிதத்தில் "நேரத்துக்குச் சாப்பிடு", "குடையை மறக்காதே" இரண்டும்தான் மிஞ்சியிருந்தன. அம்மா அதை ஜன்னல் வெளிச்சத்தில் வெகுநேரம் பிடித்துப் பார்த்தாள்.

தான் நலம் என்று எழுதச் சொன்னாள். எழுதிவிட்டேன்.

வரும் பதினான்காம் தேதி காலை அவளுக்கு இதய அறுவை சிகிச்சை. ஆஸ்பத்திரியில் கணவரின் கையெழுத்து கேட்டார்கள். நான் போட்டேன்.

இதை உங்களுக்கு முன்பே படிக்கும் அதிகாரிக்கு ஒரு வார்த்தை: ஐயா, மற்ற எதை வேண்டுமானாலும் அடித்துவிடுங்கள். அந்தத் தேதியை மட்டும் விட்டுவிடுங்கள்.

உங்கள் மகள்