ஆளுக்குப் பாதி மாத்திரை

அக்கா,

இன்று காலை தையல் ஊசி டப்பாவைத் திறந்தபோது அந்தப் பொட்டலங்கள் விரலில் தட்டுப்பட்டன. மாத்திரைக் குப்பிக்குள் ஈரம் பிடிக்காமலிருக்கப் போட்டுவைப்பார்களே, அந்தச் சின்ன வெள்ளைப் பொட்டலங்கள். மாதாமாதம் உங்கள் குப்பியில் கிடப்பதை எடுத்து என் கையில் வைப்பீர்கள். "டப்பாவுல போட்டு வை பிள்ளே, ஊசி துருப்பிடிக்காது." முதல் தடவை நான் அதை மோந்து பார்த்தேன். நீங்கள் விழுந்து விழுந்து சிரித்தீர்கள். "எட்டி, பெத்த தாய் சோறு போட்டாலும் நீ மோந்து பாத்துட்டுத்தான் திம்பே."

பொய்யில்லை. எனக்குச் சந்தேகம் கூடப்பிறந்தது. கட்டியவன் ஒன்றும் சொல்லாமலே செத்து, அவன் விட்டுப்போன கிருமி என் ரத்தத்தில் இருக்கிறதென்று தெரிந்த பிறகு அது இரட்டிப்பாகிவிட்டது. சாலைக் கடைத்தெருவின் சந்துக்குள் ஒரு தையல் மெஷினைப் போட்டுக்கொண்டு, வருகிற முகங்களையெல்லாம் நம்பாமல் அளவுநாடாவை மட்டும் நம்பிப் பிழைத்தேன்.

ஆஸ்பத்திரி பெஞ்சில்தான் உங்களைப் பார்த்தேன். போனக்காட்டுத் தேயிலைத் தோட்டத்திலிருந்து விடியுமுன் பஸ் ஏறி, வளைவுக்கு வளைவு குமட்டிக்கொண்டு வந்து இறங்குவீர்கள். உங்கள் கதையும் என் கதைதான். சாப்பிட்ட பழைய மருந்துகள் இரண்டு பேருக்குமே கேட்காமல் போயிருந்த நேரம் அது. அப்போதுதான் புது மருந்து ஒன்றைச் சோதிக்கிறோம், சேர்கிறீர்களா என்று டாக்டர் கேட்டார்.

சிஸ்டர் மலையாளத்தில் விளக்கியதை நீங்கள் எனக்குத் தமிழில் சொன்னீர்கள். இருக்கிற வேறு மருந்துகள் எல்லாருக்கும் உண்டு. அதோடு ஒரு குப்பி. சிலருடைய குப்பியில் புது மருந்து இருக்கும். சிலருடையதில் பார்க்க அதே மாதிரி, ஆனால் மருந்தே இல்லாத வெறும் மாத்திரை. யாருக்கு எது என்று டாக்டருக்கே தெரியாதாம். கடைசியில்தான் பிரித்துப் பார்ப்பார்களாம்.

"பூட்டுனவனுக்கே தெரியாத பூட்டா?" என்று நான் கேட்டேன். சிஸ்டர் உங்களைப் பார்த்தாள். நீங்கள் அதை மட்டும் மலையாளத்தில் சொல்லவில்லை. "ஒப்பு போடு, பின்னே பாக்கலாம்" என்று என் விலாவில் இடித்தீர்கள்.

கையெழுத்துப் போட்டேன். போட்டுவிட்டு எல்லாவற்றையும் சந்தேகப்பட்டேன். எதற்கு இத்தனை குழாய் ரத்தம்? மிஞ்சிய மாத்திரையை எதற்கு எண்ணிப் பார்க்கிறார்கள்? கையில் கோப்போடு வருகிறவன் ஏன் நம் முகத்தைப் பார்ப்பதே இல்லை? நீங்களோ ஒன்றும் கேட்பதில்லை. குப்பி பஸ்ஸில் குலுங்கிச் சத்தம் போட்டால் தோட்டத்து லயத்தில் சுவரோடு சுவராகக் குடியிருக்கும் ஆட்களுக்குத் தெரிந்துவிடுமே என்று அதற்குள் பஞ்சைத் திணிப்பதிலேயே உங்கள் கவனம் எல்லாம் போகும்.

சேரும்போது உங்களுக்கு நான் ஒரு பச்சை பிளவுஸ் தைத்துத் தந்திருந்தேன். தையல்காரர்கள் நாங்கள் விலாத் தையலுக்குள் எப்போதும் இரண்டு விரல் துணி விட்டுத்தான் தைப்போம். உடம்பு போட்டால் பிரித்துவிடலாம். இரண்டு மாதம் கழித்து நீங்கள் கடைக்கு வந்து கையைத் தூக்கிக் காட்டினீர்கள். "எட்டி, கக்கத்துல பிடிக்குது. ஒரு தையல் பிரிச்சு விடு."

அளந்தேன். உண்மைதான், உடம்பு போட்டிருந்தது. என்னுடைய பிளவுஸோ அந்த வாரம்தான் ஒரு பிடி பிடித்துத் தைக்கும்படி ஆகியிருந்தது. உங்கள் குப்பியில் மருந்து, என் குப்பியில் மண் என்று அளவுநாடா சொல்லிவிட்டது. வயிறு எரிந்தது அக்கா. இத்தனை வருஷம் கழித்து மறைத்து என்ன? எரிந்தது.

ஆனால் வாய் வேறு பேசியது. "அக்கா, நம்மள வச்சு விளையாடுதாவ. யாருக்கு எதுன்னு ஆரு கண்டா? இன்னியிலேருந்து மாத்திரையைப் பாதிப் பாதி மாத்திக்கிடுவோம். காலையில உங்க குப்பியிலேருந்து ஒண்ணு, சாயங்காலம் என் குப்பியிலேருந்து ஒண்ணு. ரெண்டு பேருக்கும் பாதியாவது மருந்து கிட்டும். எண்ணிப் பாத்தாலும் கணக்கு சரியா இருக்கும்."

நீங்கள் நாடாவைப் பார்த்தீர்கள். என் தோளில் தொய்ந்து கிடந்த பிளவுஸைப் பார்த்தீர்கள். "நீ எத்தனை இஞ்சு குறைஞ்சே?" என்று கேட்டீர்கள்.

"ஒண்ணுமில்லையே" என்றேன்.

"கொள்ளாம், நல்லாத்தான் இருக்கு" என்று சிரித்துவிட்டு, குப்பியைத் திறந்து மெஷின் பலகையில் கவிழ்த்தீர்கள். பட்டன் பிரிப்பதுபோல ஆளுக்குப் பாதியாக நான்தான் பிரித்தேன்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு ஆஸ்பத்திரி நாளும் முதலில் என் கடை, அங்கே பங்கு, பிறகு உங்கள் பஸ். எனக்குக் கொஞ்சம் தெம்பு வந்தது. வாய்ப்புண் ஆறியது. உங்கள் முகம் வற்றியதுபோல இருந்தது. கேட்டால் "மலையில காத்து அப்படி" என்பீர்கள். நான் முகத்தை நம்புகிறவள் இல்லையே. பச்சை பிளவுஸைத்தான் பார்ப்பேன். பிரித்துவிட்ட அளவுக்கு அது உங்களுக்குக் கச்சிதமாகவே இருந்தது. நல்லவேளை, பாதி எடுத்தும் இவளுக்கு ஒன்றும் குறையவில்லை என்று நிம்மதியாகத் தைத்துக்கொண்டிருந்தேன். ஒரே ஒரு தரம், அந்த பிளவுஸுக்கு ஒரு கொக்கி மாற்றித் தருகிறேன் கழற்றுங்கள் என்றேன். "மதி பிள்ளே, இது போதும், பஸ் போயிரும்" என்று முந்தானையை இழுத்து மூடிக்கொண்டு எழுந்துவிட்டீர்கள். கொக்கி மாற்றக்கூட விடமாட்டேன் என்கிறாளே, குப்பியில் ஏதும் ஒளித்துவைக்கிறாளோ என்றுகூட அன்றைக்கு நினைத்தேன். என் புத்தி அப்படி.

அடுத்த மாதம் நீங்கள் வரவில்லை. அதற்கடுத்த மாதம் உங்கள் தங்கை வந்தாள், காலிக் குப்பிகளைத் திருப்பிக் கொடுக்க. நெஞ்சில் சளி கட்டி நான்கு நாளில் முடிந்துவிட்டதாம். தோட்டத்திலேயே அடக்கமாம்.

சோதனை முடிந்து பிரித்துப் பார்த்தபோது டாக்டர் என்னைக் கூப்பிட்டுச் சொன்னார். எனக்கு வெறும் மாத்திரை. உங்களுக்கு மருந்து. "அவங்களுக்கு முதல்ல நல்லாக் கேட்டது. பின்னே ஏன் விட்டுப்போச்சுன்னு மனசிலாகல்ல" என்று காகிதங்களைப் புரட்டினார். அவர் முகத்தில் கள்ளமில்லை. அத்தனை நாள் அவரைச் சந்தேகப்பட்டவள் நான். கள்ளம் எந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தது என்று எனக்குத் தெரியும்.

சொல்லிவிட்டேன். அவர் பேனாவை மூடி வைத்தார். திட்டவில்லை. முழு மருந்து கிருமியை அடக்கும், பாதி மருந்து கிருமிக்குப் பழக்கம் காட்டிக் கொடுக்கும், பிறகு முழுசாகக் கொடுத்தாலும் அது கேட்காது என்றார். என் ரத்தத்திலும் அதுதான் நடந்திருந்தது. வேறு புது மருந்து வரும்வரை நான் இழுத்துப் பிடித்துக் கிடந்தது என் அதிர்ஷ்டம். நீங்கள் அதுவரை இருக்கவில்லை.

உங்கள் தங்கை குப்பியோடு பச்சை பிளவுஸையும் கொண்டுவந்திருந்தாள். அவள் அளவுக்குச் சரிபண்ணித் தரவேண்டுமாம். தொட மனசில்லாமல் வைத்திருந்தேன். டாக்டரைப் பார்த்து வந்த நாளில்தான் அதை எடுத்து உள்பக்கம் திருப்பினேன்.

என் மெஷின் தையலுக்கு உள்ளே ஒரு கைத்தையல். அதற்கும் உள்ளே இன்னொன்று. அப்புறம் இன்னொன்று. சாக்கு தைக்கிற நூலில், கோணல்மாணலாக, உங்கள் கை. மாதத்துக்கு ஒரு தடவை உடம்பு குறையக் குறைய, லயத்தில் உட்கார்ந்து நீங்களே பிடித்துப் பிடித்துத் தைத்திருக்கிறீர்கள். நான் எதைப் பார்ப்பேன் என்று தெரிந்து, அது தொய்ந்து தெரியாமல் பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள். உலகத்தில் எல்லாரையும் சந்தேகப்பட்டேன், அந்தத் தையலைச் சந்தேகப்படத் தோன்றவில்லை. மெஷின்மேல் தலையை வைத்து அழுதேன்.

உங்கள் தங்கைக்குப் புதுத் துணியில் வேறு தைத்துக் கொடுத்தேன். பச்சை பிளவுஸ் என்னிடம்தான் இருக்கிறது. பெஞ்சில் புதிதாக வந்து உட்காரும் பெண்கள் ஒருத்தர் குப்பியை ஒருத்தர் பார்த்துக் குசுகுசுக்கும்போது அதை எடுத்து உள்பக்கம் திருப்பிக் காட்டுகிறேன். யாரை வேண்டுமானாலும் சந்தேகப்படுங்கள், மாத்திரையை மட்டும் பங்கு போடாதீர்கள் என்கிறேன்.

காலையில் ஒன்று, சாயங்காலம் ஒன்று. இப்போது இரண்டுமே என்னுடையதுதான். ஆனாலும் காலை மாத்திரையைக் கையில் எடுக்கும்போது, "எத்தனை இஞ்சு குறைஞ்சே?" என்று நீங்கள் கேட்பது தினமும் கேட்கிறது. அன்றைக்குச் சொல்லாத பதிலை இன்றைக்குச் சொல்கிறேன். இரண்டு இஞ்சு, அக்கா. உங்கள் குப்பியில்தான் மருந்து என்று தெரிந்துதான் கேட்டேன். நீங்களும் தெரிந்துதான் கொடுத்தீர்கள்.