இரண்டு பேரும் போங்கள்

சின்னவளுக்கு,

உனக்கு இரண்டு மாதம் என்று உன் வீட்டுக்காரர் போனில் சொன்னார். சந்தோஷம்தான். என் பிள்ளை போய் நாலு மாதம்தான் ஆகிறது, அதனால் எனக்குப் பேச வரவில்லை. வைத்துவிட்டேன். தப்பாக நினைக்காதே.

அக்காவும் தங்கையும் அண்ணனையும் தம்பியையும் கட்டிக்கொண்டோம். அதனால்தான் இதை எழுதுகிறேன். அவன் வயிற்றில் இருந்தபோது நர்ஸ் என் ரத்தத்தைப் பார்த்துவிட்டு, "உங்களுக்கு நோய் இல்லம்மா. ஆனா ரத்தத்துல ஒரு கோளாறு இருக்கு. அவருக்கும் இருந்தா பிள்ளைக்கு நோயா வரலாம், கூட்டிட்டு வாங்க" என்றாள். உன் அத்தான், "மூட்டை தூக்குறவன் ரத்தத்துல என்னடி குறை? அவங்களுக்கு வேற வேலை இல்ல" என்றார். நானும் சேர்ந்து சிரித்தேன். எனக்கு நோய் இல்லை என்பது மட்டும்தான் மனதில் நின்றது.

எங்கள் இரண்டு பேர் ரத்தத்திலிருந்தும்தான் அவனுக்கு வந்தது என்று உன் கல்யாணத்துக்கு முன்பே சொல்லியிருக்க வேண்டும். நீ பயந்துவிடுவாய் என்று மாமியார் தடுத்தார். நானும் வாயை மூடிக்கொண்டேன்.

இந்த வாரமே இரண்டு பேரும் போய் ரத்தம் கொடுங்கள். இருவருக்கும் இருந்தால்கூட, வயிற்றுப் பிள்ளைக்கு வந்திருக்கிறதா என்று இப்போதே பார்த்துவிடலாமாம். உன் வீட்டுக்காரர் முறுக்கினால் சொல், உன் அத்தானே வந்து இழுத்துக்கொண்டு போவார்.

உனக்கு ஊசி ஆகாது, தெரியும். உனக்கு ஒரு தடவைதான். அவன் ரத்தம் ஏற்ற மாதாமாதம் ஏழு வருடம் கை நீட்டினான். கடைசியில், "அந்த நரம்பு வேணாம் சிஸ்டர், இதுல குத்துங்க" என்று அவனேதான் காட்டுவான்.

உன் அக்கா