கடைசிப் படகு வருமுன் அணைத்த விளக்கு

அனுப்புநர்
கோ சுன்-ஓக்,
முக்குளிக்கும் தொழில்,
கொமுந்தோல் மீனவர் ஊர், ஜேஜு தீவு.

பெறுநர்
உயர்திரு மாவட்டத் தலைவர் அவர்கள்.

பொருள்: என் கணவர் கரை திரும்புமுன் துறை விளக்கை அணைத்துவிட்டு, அவர் சாவுக்கு அவரையே பொறுப்பாக்கிய ஊர்த் தலைவர் மீது விசாரணை கோருவது.

மதிப்பிற்குரிய ஐயா,

1. எங்கள் துறையில் எரிமலைக் கல்லை அடுக்கிக் கட்டிய சின்னக் கலங்கரை விளக்கம் உண்டு. மாலையில் முதலில் கடலுக்குப் போகிறவர் அதில் விளக்கேற்றுவார்; கடைசியாகக் கரையேறுகிறவர் அணைப்பார். வேறு யாரும் கை வைப்பதில்லை. விளக்கு அணைந்தால் எல்லாப் படகும் வந்துவிட்டதென்று கதவைச் சாத்திக்கொள்வோம்.

2. சென்ற மாதம் துறையில் புதிய மின்விளக்குத் திறப்பு விழா. ஊர்த் தலைவர் கோ தே-ஹ்வான் என் உடன்பிறந்த அண்ணன். விருந்தினருக்குச் சிப்பிக் கஞ்சி காய்ச்சித் தரச் சொன்னார். நானே மூழ்கி எடுத்த சிப்பியில் காய்ச்சினேன். அடுப்படி வாசலிலிருந்து பார்த்தபோது கல்விளக்கு அணைந்திருந்தது. வாளை மீன் பிடிக்கப் போன என் கணவர் யாங் போங்-சு வந்துவிட்டார் என்று அவருக்கும் ஒரு கிண்ணம் எடுத்து வைத்தேன். வீடு திரும்பியபோது அவர் இல்லை. விருந்துக் கூட்டத்தில் இருப்பார் என்று படுத்துவிட்டேன். அன்று நான் நிம்மதியாகத் தூங்கினேன்.

3. விளக்கை அணைத்தவர் என் அண்ணன். புகைப்படத்தில் புது விளக்கு எடுப்பாகத் தெரிய வேண்டுமாம். என்னோடு முக்குளிக்கும் பு மான்-ஹ்வா அதைக் கண்டு, "அண்ணே, உங்க மச்சான் படகு இன்னும் வரலையே" என்று தடுத்திருக்கிறாள். "அவன் வர நேரமாகும். படம் எடுத்ததும் நானே ஏத்திடுறேன். நல்ல நாளும் அதுவுமா மூக்கால அழாதே" என்றாராம். ஏற்றவில்லை. விருந்தினர் போனதும், மின்சாரம் தரும் எஞ்சினுக்கு எண்ணெய் மிச்சமாகட்டும் என்று மின்விளக்கையும் நிறுத்திவிட்டார்கள். விடிந்தபின் கரைப்பாறையில் படகின் பலகைகள் கிடந்தன. அவர் உடலை நானே மூழ்கி எடுத்தேன்.

4. எல்லாப் படகும் திரும்பியதாகவும், கடைசியாகக் கரையேறியவர் என்ற முறையில் தாமே விளக்கை அணைத்ததாகவும், பிறகு என் கணவர் குடித்துவிட்டுத் தனியே மறுபடி கடலுக்குப் போனதாகவும் அண்ணன் சொன்னதைத் சாவை விசாரிக்க வந்த தங்கள் எழுத்தர் அப்படியே பதிந்துகொண்டார். எங்கள் ஊர் ஆட்களைத் தெரியாத வெளியூர்க்காரர், அவர் என்ன செய்வார். ஐயா, என் கணவருக்கு மது வாடையே ஆகாது. சடங்கில் தரும் கோப்பையைக்கூட என் அண்ணன் பக்கம்தான் தள்ளுவார். அதை வாங்கிக் குடித்த வாய்தான் இப்படிச் சொல்லியிருக்கிறது.

5. முந்தாநாள் அண்ணன் ஒரு மூட்டை பார்லியோடு வந்தார். "நடந்தது நடந்துபோச்சு தங்கச்சி. கூடப் பொறந்தவனக் காட்டிக்கொடுத்து என்னத்தக் காணப்போற?" என்றார். மூட்டையைத் தெருவில் உருட்டிவிட்டேன். வேறு எவன் செய்திருந்தாலும் கடல் மேல் பழியைப் போட்டு மனத்தைத் தேற்றியிருப்பேன்.

6. என் கணவரைக் குடிகாரன் என்று எழுதியதை அடித்துவிட வேண்டுகிறேன். ஊர்த் தலைவரைப் பகைத்தால் வீட்டுக்கு மின்சாரம் கிடைக்காமல் போய்விடுமோ என்று ஊரே வாயை மூடிக்கொண்டிருக்கிறது. ஆகவே வேறு யாரையும் தாங்கள் விசாரிக்க வேண்டாம். ஊரைக் கூட்டி, என் அண்ணனிடம் மட்டும் ஒன்றைக் கேளுங்கள். கடைசியாகக் கரையேறினேன் என்கிறாரே, எந்தப் படகிலிருந்து இறங்கினார்? அவருக்குப் படகே கிடையாது.

தங்கள் வருகைக்காகத் துறையில் காத்திருக்கும்,
கோ சுன்-ஓக்

இடம்: கொமுந்தோல்
நாள்: 9.11.1971