பந்து எழும்பிய நாள்

பாப்பாவோட அப்பாவுக்கு,

உங்களையும் மாமாவையும் கும்பிட்டு எழுதுறேன். மாமாவுக்குக் கால் வீக்கம் வடிஞ்சதா? எனக்கு ஒரு குறையும் இல்ல.

நான் வேலை பாக்குற கோல்ஃப் மைதானத்துல ஒரு கூத்து. புதுசா பழக வந்த ஒரு அம்மா அடிக்கிற பந்து மூணு வாரமா தரையிலேயே உருண்டுச்சு. பயிற்சியாளர் போனும் கையுமா இருந்தார். அந்தம்மாவுக்குக் கண்ணு கலங்கிடுச்சு. பந்து எடுத்து வைக்கிற எனக்கு மனசு கேக்கல.

"பந்தைத் தூக்கப் பாக்காதீங்கம்மா. கீழ்நோக்கி அடிங்க, மட்டையோட சரிவே தூக்கி விட்டுடும்"னு சொன்னேன்.

அடுத்த அடியில பந்து ஜிவ்வுனு எழும்புச்சு. அந்தம்மா என் கையைப் பிடிச்சுக் குதிச்சாங்க.

பயிற்சியாளர் மேனேஜரைக் கூட்டிட்டு வந்துட்டார். "வாடிக்கையாளர்கிட்ட வாயைத் திறக்க நீ யாரு?"ன்னார் மேனேஜர். அந்தம்மா கையுறையைக் கழட்டிக்கிட்டே அந்தப் பக்கம் திரும்பிக்கிட்டாங்க.

இப்ப பின்னறையில தனியா பந்து கழுவுறேன். வெயில் இல்ல, ஒரு வகையில நல்லதுதான். நேத்து ஜன்னல் வழியா பாத்தேன். அந்தம்மா அடிச்சது கொடிக்கம்பத்தைத் தாண்டிப் போச்சு. அது தரையிலேயே உருண்டு தொலைஞ்சிருக்கலாம்னு தோணுச்சு. நான் இப்படி நினைக்கிறவளாங்க?

விரல் இடுக்கெல்லாம் வெடிச்சிருக்கு, களிம்பு அனுப்புங்க. பாப்பா பேசுறதையும் போன்ல பதிவு பண்ணி அனுப்புங்க. அடம்பிடிச்சு அழுதாலும் பரவாயில்ல, நிறுத்தாம எடுங்க. இங்க நாள் முழுக்க பந்து கழுவுற மெஷின் சத்தம் மட்டும்தான்.

கூப்பிடுறாங்க, போறேன்.

உங்க
பாப்பா அம்மா