பெட்டி நின்ற இடம்

ஜூன் 9
காலையில் மகன் தெகைராவின் தென்னையில் ஏறிப் பாளை சீவினேன். கால் நடுங்கியது. இந்த வயதில் இது தேவையா என்று மனைவி தாபேரா கீழே நின்று திட்டுகிறாள். சீவாமல் விட்டால் பாளை காய்ந்துவிடும். மகன் வந்து, என் மரத்தை ஏன் விட்டீர்கள் அப்பா என்று கேட்டால்?

மரமேறுகிறவன் உச்சியில் பாட வேண்டும், அதுதான் எங்கள் வழக்கம். மகனின் படகு போனதிலிருந்து நான் பாடுவதில்லை.

ஜூன் 14
சுதந்திர நாள் ஆட்டப் போட்டிக்கு இம்முறை பாட்டுக் கட்டுவது கராபியாம். நேற்றுப் பள்ளிக்கூடம் முடித்த பெண். நானும்தான் பாட்டுக் கட்டுகிறேன். யாரிடமும் முறையாகப் பாட்டுக் கற்காதவன் என்று ஊர்ப் பெரியவர்கள் ஒருமுறைகூட என்னைக் கேட்டதில்லை. தாளத்துக்கு மரப்பெட்டி தட்ட மட்டும் நான் வேண்டும்.

அவள் அப்பா பௌரோவும் என் மகனும் ஒரே படகில்தான் சூரை பிடிக்கப் போனார்கள். இன்னும் வரவில்லை. அவ்வளவுதான். வரவில்லை.

ஜூன் 20
விடியுமுன் கடற்கரையில் கராபி வரிகளைச் சொல்ல, இரண்டு பெண்கள் மனப்பாடம் செய்கிறார்கள். பாட்டுக் கட்டும் முறை தவறவில்லை. மறைந்து நின்று கேட்டேன். கடைசி வரியில் இரண்டு பெயர்கள் — பௌரோ, தெகைரா. இறந்தவர்களின் கரையில் இறங்கிவிட்டார்களாம்.

மனேபா மண்டபத்தில் ஊர் கூடிப் பாடிவிட்டால் அது முடிந்த மாதிரி. அப்புறம் யார் கடலைப் பார்ப்பார்கள்?

ஜூன் 21
பாட்டிலிருந்து தெகைரா பெயரை எடுத்துவிடு என்று கராபியிடம் சொன்னேன்.

"ரெண்டு பேரும் ஒண்ணாத்தானே போனாங்க தாத்தா. ஒருத்தரை மட்டும் எப்படிக் கரையேத்துறது?"

"உங்கப்பனை நீ கரையேத்து. என் பையன் கடல்ல இருக்கான்."

"தனியாவா?"

எழுந்து வந்துவிட்டேன்.

ஜூன் 30
பயிற்சி. என் கை கோழி கொத்துவது போல் தட்டுகிறதாம், பின்வரிசைப் பெண்கள் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். போட்டியன்று அந்தக் கடைசி வரிக்கு முன் பெட்டியை நிறுத்திவிடுவேன். பெட்டி இல்லாமல் பாட்டு நகராது.

ஜூலை 11
பாட்டை நடுவில் முறித்தால் பாடி ஆடுகிறவர்களுக்கு ஆகாது என்பார்கள். கராபிக்கு ஏதாவது ஆகிவிட்டால்? இருந்தாலும் நிறுத்துவேன்.

ஜூலை 12
நிறுத்தினேன். போட்டி நடுவிலேயே. மடையன். பெட்டி நின்றால் பாட்டை முதலிலிருந்து, இன்னும் வேகமாகப் பாடு என்றுதான் அர்த்தம். எனக்குத் தெரியாததா? பயத்தில் மறந்துபோனேன். கராபி கைதட்டி மறுபடி எடுத்தாள். மறுபடி நிறுத்தினேன். இன்னும் வேகம். ஆடும் பெண்கள் அழுதுகொண்டே ஆடினார்கள்.

மூன்றாம் முறை கை நிற்கவில்லை. பௌரோ என்று எல்லாரும் பாடினார்கள். அடுத்த பெயருக்குக் கராபி வாயை மூடிக்கொண்டாள். கூட்டமும் மூடிக்கொண்டது — முன்பே சொல்லி வைத்திருக்கிறாள். வெறும் பெட்டிச் சத்தம். அவ்வளவு பேர் நடுவே என் பிள்ளை மட்டும் இல்லை, அவ்வளவு பெரிய தண்ணீரில் தனியாக, ஐயோ —

யாரோ அவன் பெயரைக் கத்தினார்கள். நான்தான்.

ஜூலை 13
பரிசு வேறு ஊருக்கு. நடுவர்களுக்குக் காது கிடையாது.

ஜூலை 15
மரமேறினேன். கால் நடுக்கம் அப்படியேதான். உச்சியில் உட்கார்ந்து கராபியின் பாட்டை எடுத்தேன். மூன்றாம் வரியில் மெட்டு இடிக்கிறது, அவளிடம் சொல்லத்தான் போகிறேன். கடைசி வரியை இரண்டு பெயரோடும் முழுதாகப் பாடினேன்.

கீழே தாபேரா திட்டுவதை நிறுத்திவிட்டாள்.