முத்திரை ஒட்டினால் செல்லும்

உன்னைச் சாகக் கொடுத்தது நாங்கள்தான். சாட்சிக் கையெழுத்துப் போட்ட ஐந்து பேரும், அந்தக் கடிதத்தை எழுதிய நானும்.

இன்று காலை பதுளை தபால் கந்தோரில் ஒரு விண்ணப்பத்துக்கு முத்திரை வாங்கி நாவில் தடவினேன். அந்தப் பசையின் கசப்பு பட்டதும் நீ என் முன்னால் வந்து நின்றாய், தலையைச் சேலைத் தலைப்பால் மூடிக்கொண்டு. அன்றும் நான்தான் நாவில் தடவி ஒட்டினேன்.

உன் கல்யாணத்துக்காக உன் அம்மா வேலையை விட்டு, தோட்டத்துச் செக்ரோல் பதிவேட்டில் தன் பேரை வெட்டி, சேமலாப நிதியை எடுத்தார். அதில் சங்கிலி வந்தது, அலுமாரி வந்தது. ஹாலிஎலை மாப்பிள்ளை வீட்டாருக்கு அது போதவில்லை. மாப்பிள்ளைக்கு ஓட்டத் த்ரீவீல் ஆட்டோ வேண்டுமாம். நான்காம் மாதம் நீ எங்கள் தேயிலைத் தோட்டத்து லய வரிசைக்குத் திரும்பி வந்தபோது, காதுக்குக் கீழே கன்றிப்போயிருந்தது. அந்த நிலையிலும் உனக்குப் பகிடி வந்தது.

"த்ரீவீல் வாங்காமலே ஓட்டப் பழகிட்டாருடி, என் முதுகு மேல."

நான் சிரித்தேன். அந்தச் சிரிப்புக்காக இன்றைக்கும் என் வாயில் அறையவேண்டும் போலிருக்கிறது.

பொலிசுக்குப் போவோம் என்று நீதான் முதலில் சொன்னாய். தோட்டத்துச் சங்கத் தலைவர் கையை உயர்த்தினார். "கோட்டு, கேஸுன்னு போனா நம்ம தோட்டத்துக்கே மானம் போயிரும் புள்ள. பேசி முடிச்சிருவோம்." எங்கள் தோட்டத்தில் அடிதடி, களவு, காதல் எல்லாமே அப்படித்தான் முடியும். கோயில் முன்னால் ஆட்கள் கூடுவார்கள், ஒரு கடிதம் எழுதப்படும், அதில் முத்திரை ஒட்டி அதன் மேல் கையெழுத்து வாங்குவார்கள். அதுதான் எங்களுக்குச் சட்டம்.

"ஏ.எல். படிச்ச புள்ள, நீ எழுது" என்றார் தலைவர். கார்பன் வைத்து எழுதினேன். 'சீதனமாகத் த்ரீவீல் கேட்டு என் மனைவியை அடித்தது உண்மை. இனி அடிக்கமாட்டேன்.' உன் புருஷன் முகத்தைச் சுளித்தான். "சின்ன விஷயத்துக்கு இம்புட்டு ஆளா?" என்றாலும் முத்திரை மேல் கையெழுத்துப் போட்டான். தலைவரும் இன்னும் நாலு பேரும் சாட்சிக்குப் போட்டார்கள். எல்லாருக்கும் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தது யார் தெரியுமா? நீ. அவனுக்கும் நீதான் ஊற்றினாய்.

பஸ் ஏறுவதற்கு முன் என் கையைப் பிடித்துக்கொண்டாய். "இது செல்லுமாடி?"

"முத்திரை ஒட்டியிருக்குல்ல, செல்லும்."

ஏழாவது வாரம் உன்னைப் பெட்டியில் கொண்டுவந்தார்கள். வாசல் வடிகால் கானில் வழுக்கி விழுந்து தலையில் அடியாம். அந்த வாரம் முழுக்க ஹாலிஎலையில் ஒரு சொட்டு மழை இல்லை. முன்னால் ஏதும் பிரச்சினை இருந்ததா என்று மரண விசாரணையில் கேட்டதற்குத் தலைவர், "இல்லீங்க, நல்லாத்தான் இருந்துச்சுக" என்று சொல்லிவிட்டு வந்தார். உன் அம்மா வாய் திறக்கவில்லை. நானும் திறக்கவில்லை.

போன மாதம்தான் எனக்குப் புத்தி வந்தது. கார்பன் பிரதியை எடுத்துக்கொண்டு பதுளையில் ஒரு சட்டத்தரணி அம்மாவிடம் போனேன். யாழ்ப்பாணத்துக்காரி. இரண்டு தரம் படித்தார்.

"ஏன் பிள்ளை இதை அப்பவே கோட்டுக்குக் கொண்டு வரேல்லை?"

"இது செல்லும்னு நெனச்சோம்மா."

"பேசி முடிக்க இது செல்லாது. ஆனா அடிச்சது உண்மையெண்டு அவரே ஒத்துக்கொண்ட சாட்சியெல்லோ இது! சீதனத்துக்கெண்டு இஞ்ச தனிச் சட்டம் இல்லை. அடிக்கு இருக்குது. குடும்ப வன்முறைச் சட்டம் வந்து ரெண்டு வருஷமாச்சு. நீதவானிட்ட மனுக் குடுத்திருந்தா, அவர் அவவுக்குக் கிட்டவே வரக்கூடாதெண்டு பாதுகாப்புக் கட்டளை எடுத்திருக்கலாம். அவ பயந்தா, அவவுக்காகப் பொலிசே மனுப் போடலாம்."

உன்னைக் காப்பாற்றக்கூடிய தாளை என் கையாலேயே எழுதி, மடித்து, தலைவரின் சட்டைப் பையில் வைத்துவிட்டு, உன்னை அவனோடு பஸ் ஏற்றியிருக்கிறேன். நீ உயிரோடு இருந்தபோதே அந்தச் சட்டமும் இருந்தது. எங்கள் மலைக்கு அது ஏறி வரவில்லை. நாங்களும் இறங்கிப் போய்த் தேடவில்லை.

இப்போதும் வழக்கைக் கிளறலாம், ஆனால் மூலக் கடிதம் வேண்டும் என்றார். கார்பனில் என் எழுத்து மட்டும்தான் இருக்கிறது. முத்திரையும் அவன் கையெழுத்தும் மூலத்தில்தான்.

நேற்றுத் தலைவர் வீட்டுக்குப் போனேன். ரேடியோ கேட்டுக்கொண்டிருந்தார்.

"தலைவரே, அந்தக் கடிதத்தக் குடுங்க."

"செத்தவ செத்துட்டா புள்ள. கிளறாத. அவனுக்கு நமுனுகுலப் பக்கம் பொண்ணு பேசியாச்சு. பூ வைக்க நான்தான் போகணும்."

உன் காதுக்குக் கீழே கன்றியிருந்ததை ஒரு முழ தூரத்தில் பார்த்த மனிதர் அவர்.

உன் கேள்வியை இன்னும் சுமந்துகொண்டு திரிகிறேன். அது செல்லுமா என்று நீ கேட்டாய், தெரியாமலே ஆமாம் என்றேன். அந்தப் பொய்யை மெய்யாக்க இனி ஒரு வழிதான் இருக்கிறது. அதனால் அவர் வாசலை விட்டு இறங்கவில்லை. மறுபடியும் கேட்டேன்.

"அந்த நமுனுகுலப் புள்ளைக்காகவாவது குடுங்க தலைவரே. கோட்டுக்கு வந்து, இது என் கையெழுத்துன்னு சொல்லுங்க. சொல்லுவீங்களா?"

அவர் ரேடியோவின் சத்தத்தைக் கூட்டினார்.