நீ எடை போடாத மீன்கள்

என் ஆசைத் தம்பி ரவிக்கு,

இங்கே வெயில் வந்துவிட்டது. அத்தான் பல்கனியில் கத்தரிக்கன்றுகளோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறார். நீ போன பிறகு மொன்றியலில் ஒரு முழுக் குளிர்காலம் வந்து முடிந்துவிட்டது.

உயிர் பிரிந்த உன்னை முதலில் கண்ட உன் சிநேகிதர் டெர்மட்டோடு இப்போதும் தொலைபேசியில் பேசுகிறேன். ஏரிக்கரையில் உன் தூண்டில் பெட்டியின் மேல் உட்கார்ந்தபடியே இருந்தாயாம். முதலில் உன் கழுத்தில் விரல் வைத்துப் பார்த்திருக்கிறார். ஆம்புலன்சுக்குச் சொல்லிவிட்டுத் திரும்பியபோதுதான் தூண்டில் நுனி ஆடுவதைக் கண்டாராம். நூலைச் சுற்றி, மாட்டியிருந்த மீனைக் கழற்றித் தண்ணீரில் விட்டிருக்கிறார். எவ்வளவு நேரம் அந்த மீன் உன் கையோடு கிடந்து இழுத்தது? அவருக்கும் தெரியாது.

இந்தக் கடிதத்தை மற்றவர்களும் வாசிக்கப் போகிறார்கள். ஆகவே உனக்குத் தெரிந்ததையும் கொஞ்சம் சொல்லவேண்டியிருக்கிறது, பொறுத்துக்கொள். காலமெல்லாம் வகுப்பில் கணக்குப் படிப்பித்தவளுக்கு, கடைசி வாங்கில் இருப்பவனுக்கும் விளங்கியதா என்று பார்க்காமல் அடுத்த வரிக்குப் போக வராது.

நீ அயர்லாந்தில், கேவன் என்ற நாட்டுப்புற மாவட்டத்தில், காளான் பண்ணையில் வேலை செய்தாய். அங்கே திரும்பிய பக்கமெல்லாம் ஏரி. லீவு நாளில் ஊரவர்கள் தூண்டிலோடு போய் இருப்பார்கள். சாப்பாட்டு மீனுக்காக அல்ல. பிரீம், ரோச், டென்ச் என்று முள்ளும் சேற்று மணமும் உள்ள, அங்கே ஒருவரும் சட்டியில் போடாத மீன்களுக்காக. நீ இதை முதன்முதலில் சொன்ன நாள் நினைவிருக்கிறதா?

"அக்கா, இஞ்ச பிடிச்ச மீனைத் திருப்பித் தண்ணிக்குள்ள விடுறாங்கள்."

"விசரங்களோ? அப்ப ஏனடா பிடிக்கிறாங்கள்?"

"நிறுத்துப் பாக்க."

"நிறுத்துப் பாத்து?"

"ஆரின்ர மீன் பெரிசு எண்டு சண்டை பிடிக்க."

"பேந்து குழம்புக்கு?"

"கடையில ரின்னில அடைச்ச மீன்."

பள்ளிக்கூடத்துக்கு டாக்குத்தர் வந்து பிள்ளைகளை நிறுத்துப் பார்த்துவிட்டு வகுப்புக்குத் திருப்பி அனுப்புவாரே, அதுபோல என்று என் சிநேகிதிகளுக்கு விளக்கம் சொல்வேன். பிறகு அந்த விசர் உனக்கும் பிடித்தது. மீனைக் கூட்டுவதற்கு ரொட்டித்தூளும் சோளமும் குழைத்து உருண்டையாக எறிவதைப் பற்றி எவ்வளவு நேரம் பேசுவாய்! "புட்டுக்குக் குழைக்கிற பதம் அக்கா. தண்ணி கூடினால் அப்படியே அடியில போய்க் கிடக்கும், உதிராது." என் புட்டையே நீ இவ்வளவு கவனித்துச் சாப்பிட்டதில்லை.

ஊர்த் தூண்டில் சங்கம் வைக்கும் போட்டி நாட்களில் மட்டும் ஒரு வேறுபாடு. காலையிலிருந்து பிடிப்பதையெல்லாம் கடைசியில் ஒன்றாக நிறுக்கவேண்டும். அதுவரை மீன்களை ஒரு நீண்ட வலைப்பையில் போட்டு, ஏரித் தண்ணீருக்குள்ளேயே உயிரோடு வைத்திருப்பார்கள். நீ அந்தப் பையை ஒருநாளும் தண்ணீரில் இறக்கியதில்லை. ஒவ்வொரு மீனையும் அப்போதே விட்டுவிடுவாய். ஒவ்வொரு போட்டியிலும் உன் பெயருக்கு நேரே பூச்சியம்.

"அவனுடைய சமயம் அப்படி" என்று டெர்மட் தானே ஒரு காரணத்தைக் கண்டுபிடித்து எல்லோருக்கும் சொல்லிவிட்டார். நீ மறுக்கவில்லை. ஆட்டிறைச்சிக் கறியும் சோறும் கட்டிக்கொண்டு போய், அதே கரையிலிருந்து சாப்பிட்டபடி சைவப்பழம் என்று பெயர் வாங்கியவன் உலகத்திலேயே நீ ஒருவன்தான்.

உண்மைக் காரணத்தை எனக்கு மட்டும் ஒருமுறை சொன்னாய்.

"காலமை போட்ட மீன் பின்னேரம் வரைக்கும் அதுக்குள்ள நிக்கும் அக்கா. தண்ணி இருக்கு, சாகாது. முதல் எல்லாம் வலையில மூக்கை முட்டும். கொஞ்ச நேரம் போக முட்டுறதையும் விட்டிடும். எனக்கு அதைப் பாக்கேலாது."

ஊரில் யுத்தம் முடிந்தபின் உன்னையும் உன் மனைவி சுகந்தியையும் முள்ளுக்கம்பி முகாமில் வைத்திருந்தார்கள். மகள் மயூரி அப்போது கைக்குழந்தை. சுகந்திக்குக் காய்ச்சல் ஏறி மூச்சு இழுத்தபோது அவளை அணைத்து நடத்திக்கொண்டு வாசலுக்குப் போனாய். ஆசுபத்திரிக்குப் போக அனுமதி வேண்டும், அதைத் தருபவர் இன்னும் வரவில்லை, இருங்கள் என்றார்கள். அவளைக் கம்பியோடு சாய்த்து வைத்துக்கொண்டு இருந்தாய். அவர் வந்தபோது சுகந்தி இல்லை.

மயூரிக்கு நீ சொல்லி வளர்த்தது வேறு. அம்மா ஆசுபத்திரிக் கட்டிலில், மருந்து ஏறிக்கொண்டிருக்கையில், நோகாமல் போனா. "பிள்ளைக்கு அது போதும் அக்கா. நீங்களும் சொல்லாதேங்கோ" என்றாய். நானும் ஓம் என்றேன்.

மாசி மாதம் மயூரி கேவனிலிருந்து வீடியோவில் வந்தாள். முகமெல்லாம் சிரிப்பு.

"மாமி, மே மாசம் அப்பாட பேரில ஒரு மட்ச் வைக்கினம். ஆரின்ர நெட் கூட நிறையோ அவைக்குக் கப். நான் அப்பாட இடத்தில இருந்து பிடிக்கப் போறன். புது நெட்டும் வாங்கிட்டன், பாருங்கோ!"

வலைப்பையின் வாயில் பச்சை நூலால் உன் பெயரைத் தைத்திருந்தாள். வடிவாகத்தான் தைத்திருந்தாள். அழைப்பு முடிந்ததும் அத்தானிடம் சொல்லிப் புலம்பினேன்.

"பிள்ளை ஆசையில செய்யிறாள், விடுமப்பா" என்றார் அத்தான். "ரெண்டு மீனுக்காக அவளின்ர நெஞ்சைக் கிழிக்கப் போறீரோ?"

"இஞ்சருங்கோ, ரவி பாக்கேலாது எண்டு விட்டதை ரவியின்ர பேரிலயே செய்யினமே."

"சொல்லாதேங்கோ எண்டு கேட்டவனும் ரவிதானே. அதுக்கு என்ன செய்யப் போறீர்?"

ஒன்றோடொன்று ஒத்துவராத இரண்டு நிபந்தனைகளோடு ஒரு கணக்கு வந்தால், தீர்வு இல்லை என்று எழுதும் பிள்ளைக்கு நான் முழுப் புள்ளி கொடுப்பேன். இந்தக் கணக்குக்கு அப்படி எழுதிவிட்டு எழும்ப முடியவில்லை, தம்பி.

ஈஸ்டர் லீவுக்கு அவள் இங்கே வந்தாள். டோர்வல் விமான நிலையத்துக்குப் போய்க் கூட்டிவந்தோம். இங்கே எங்கே மீன் பிடிப்பார்கள் என்று கேட்டாள். சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூ என்ற ஆற்றங்கரை ஊருக்குக் கூட்டிக்கொண்டு போனோம். பனி அப்போதுதான் விட்டிருந்தது, தண்ணீர் கறுப்பாக ஓடியது. தூண்டிலோடு நின்ற ஒரு கிழவருக்கு பொன்ஜூர் என்று பிரெஞ்சில் வணக்கம் சொல்லி, அவருடைய வாளியை எட்டிப் பார்த்தாள்.

"மாமி, இவர் சாப்பிடப் போறார் போல."

"ஓம், இஞ்ச சாப்பிடுறவை."

"அப்பா ஏன் மாமி ஒருநாளும் நெட் போடேல்ல? டெர்மட் சமயமெண்டுறார். அப்பா ஆடு திண்டவர்தானே!"

சிரித்துக்கொண்டுதான் கேட்டாள். அத்தான் என்னை ஒருமுறை பார்த்தார். பிறகு காரை நோக்கி நடந்துவிட்டார். நான் வலைக்குள் மீன் நிற்பதையும் முகாம் வாசலையும் சொன்னேன்.

ஜாக்கெட்டுக்குள் கைகளை விட்டபடி கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அப்ப அம்மா கட்டில்ல இல்லையோ?"

"இல்லையம்மா."

"நான் எங்க?"

"அப்பாட தோளில."

"நான் அழுதனானோ?"

தம்பி, அதை நீ எனக்குச் சொல்லவில்லையே. அவள் அழுதாளா? நித்திரையா? அம்மாவைப் பார்த்துக்கொண்டிருந்தாளா? "தெரியாதம்மா" என்றேன். அவள் "சரி மாமி" என்றாள். அதற்குப் பிறகு இருந்த நாட்களில் சாப்பிட்டாள், கோப்பை கழுவினாள், கேட்டதற்குப் பதில் சொன்னாள். விமான நிலையத்தில் அத்தானைக் கட்டிப்பிடித்தாள். என்னிடம், "போயிட்டு வாறன் மாமி" என்று நிலத்தைப் பார்த்துச் சொன்னாள்.

போய், வலைப்பை வேண்டாம் என்று டெர்மட்டிடம் சொல்லியிருக்கிறாள். காரணம் சொல்லவில்லை. அந்த மனிதர் குழம்பிப்போய் என்னை அழைத்தார். "நிறுக்காமல் யார் வென்றது என்று எப்படித் தெரியும்?" அவளிடமே கேளுங்கள் என்றேன். இதெல்லாம் ஒரு போட்டியா என்று சங்கத்தில் பலர் விலகிவிட்டார்கள். கப்பையும் கடைக்குத் திருப்பிக் கொடுத்தாயிற்று. அன்றைக்கு ஒரே மழை. வந்தவர்கள் சிலர், பிடித்ததை உடனுக்குடன் விட்டுவிட்டு, தேநீரும் குடிக்காமல் வீடு போனார்களாம். மயூரிக்கு ஒரு மீனும் படவில்லை. ஆனாலும் கடைசி ஆள் போகும்வரை உன் இடத்தில் இருந்தாளாம்.

அதன் பிறகு என் அழைப்பை அவள் எடுக்கவில்லை. கிழமைகள் போயின. நான் அப்போதே சொன்னேன் என்று அத்தான் ஒருநாளும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் கொஞ்சம் சண்டையாவது பிடித்திருப்பேன். உன் பிள்ளையின் அம்மாவை அந்தக் கட்டிலிலிருந்து இறக்கி வாசலில் போட்டது நான்தானே? நீ இருந்திருந்தால் என் முகத்தில் முழித்திருப்பாயா?

போன கிழமை அவளிடமிருந்து ஒரு குரல் செய்தி வந்தது. "மாமி, லீவுக்கு இஞ்ச வாங்கோ. போனில வேண்டாம். அம்மாவைப் பற்றித் தெரிஞ்சதெல்லாம் சொல்லுங்கோ. எனக்கு நோகுமெண்டு ஒண்டையும் மாத்த வேண்டாம். அப்பாவுக்கு எழுதுறதெண்டால் எழுதுங்கோ, ஆர் வாசிச்சாலும் பரவாயில்ல."

டிக்கெட் எடுத்துவிட்டேன். உனக்குத் தந்த ஒரு வாக்கை மீறியவள் இன்னொன்று தந்தால் நீ நம்புவாயோ தெரியாது. என்றாலும் தருகிறேன். அவள் கேட்பதற்கெல்லாம் எனக்குத் தெரிந்ததைச் சொல்வேன். மற்றதற்குத் தெரியாது என்பேன். என் முகத்தைப் பார்த்து அழுதனானோ என்ற அந்தக் கேள்வியை அவள் திரும்பக் கேட்பாள், கட்டாயம் கேட்பாள். "இல்லையம்மா, நீ நல்ல நித்திரை" என்று சொல்லத்தான் வாய் வரும். சொல்ல மாட்டேன், தம்பி.

உன் சொல்லை மீறிய,
உன் ஒரே அக்கா